ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் பேனா

"சாமி, என்னை ஏமாத்திட்டான்!" என்று கத்திக்கொண்டே நல்லபெருமாள் படித்துறையில் இறங்கினார்.

சாமி வேட்டி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவன்வே?"

"ஜங்ஷன்ல பழைய பேனா விக்கிறவன். ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் பேனான்னு சொல்லி என் தலையில கட்டிட்டான்."

"எழுதுதா?"

"அதையா நான் கேட்டேன்?"

நல்லபெருமாள் ஓய்வுபெற்ற சர்வேயர். ஒரு சாண் பிசகினாலும் அளவுச் சங்கிலியை முதலிலிருந்து இழுக்கச் சொல்லுவார். சாமி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். இப்போது மலையடியில் ஒரு குடிசை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் மனசு கொதிக்கும்போதெல்லாம் நல்லபெருமாள் இங்கேதான் வருவார்.

பேனாவைக் கழற்றினார். மை நிறைந்த உடம்பைச் சிந்தாமல் கல்லிடுக்கில் நிறுத்தினார். மற்றதையெல்லாம் வரிசையாகப் படியில் வைத்தார்.

"உடம்பு ஐம்பத்திரண்டுதான். தேய்ச்சா கந்தக வாடை வருது, அசல் எபோனைட் ரப்பர். வெயில் பட்டுப் பழுப்பேறியிருக்கு. மூடியைப் பாருங்க, கன்னங்கரேல்னு இருக்கு. அது வேற பேனா மூடி. நிப்பு இருபது வருஷம் பிந்தினது. நிப்புக்கு அடியில இருக்கிற நாக்கட்டை பிளாஸ்டிக்கு! நாலு பிணத்தைச் சேர்த்துத் தச்சு வித்திருக்கான், பாவி."

"அவன்கிட்ட கேட்டீரா?"

"கேட்டேன். 'தினமும் எழுதின பேனா அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும். எல்லாம் ஒரே வருஷமா இருக்கணும்னா கண்ணாடிப் பெட்டியில ஒண்ணு கிடக்கு. ஆனா அது எழுதாது'ங்கான். சொல்லிட்டுச் சிரிக்கான் சாமி!"

சாமியும் சிரித்தார்.

நல்லபெருமாளுக்கு மீசை துடித்தது. "சிரிங்க. பேனா வாங்கச் சொன்னது நீங்கதானே."

"எதுக்குச் சொன்னேன்?"

நல்லபெருமாள் மூடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார்.

ஆடி மாதம், சம்பந்தி வீட்டார் முன்னால், நல்லபெருமாள் தன் மனைவி செண்பகவல்லியைப் பார்த்து "வாயை மூடுடீ" என்று சொல்லிவிட்டார். அவள் சங்கரன்கோவிலில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். "போனில் கத்துவார். வரச் சொல்லிக் கைப்பட எழுதட்டும்," என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். ஒரு பேனா வாங்கித் தினமும் எழுதிப் பாரும், சூடு இல்லாத கடிதம் வருகிற அன்றைக்குத் தபாலில் போடும் என்று சாமி சொல்லியிருந்தார்.

இப்போது ஐப்பசி.

சாமி ஈரக்கையாலேயே அவர் சட்டைப் பையிலிருந்த இன்லேண்டு லெட்டரை இழுத்துப் பிரித்தார். ஓர் எழுத்து இல்லை.

"முதல்ல பேனா சரியா அமையணும் சாமி."

"அப்புறம்?"

"அப்புறம் அவ சரியாகணும். கட்டிக்கிட்டு வந்தப்போ எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவ. இப்போ பேசுற பேச்சு அவ பேச்சே இல்ல. மககிட்ட கொஞ்சம், பக்கத்து வீட்ல கொஞ்சம், டி.வி.ல கொஞ்சம்னு பொறுக்கிட்டு வந்தது. நான் கட்டினவ இவ இல்ல."

சாமி வேட்டியைக் கல்லில் ஓங்கி அடித்தார். தண்ணீர் நல்லபெருமாள் முகத்தில் தெறித்தது.

பிறகு வாய்க்குள் விரலை விட்டு மேல் பல்செட்டைக் கழற்றினார். கீழ்ப் பல்செட்டையும் கழற்றினார். இரண்டையும் மூடிக்கும் நிப்புக்கும் பக்கத்தில் வைத்தார்.

"பதினோரு வருஷமா இதை வச்சுத்தான்வே உம்மகிட்ட பேசுதேன்."

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வார்த்தை குழறியது. கோபம் குழறவில்லை.

"எந்தப் பேச்சையாவது போலின்னு திருப்பிக் குடுத்தீரா?"

நல்லபெருமாள் படியில் கிடந்த பல்செட்டைப் பார்த்தார்.

குளிக்க வந்த இரண்டு பேர் மேல்படியில் நின்று பார்த்தார்கள்.

"மாட்டிக்கிடுங்க சாமி. ஆளுங்க பாக்காங்க."

"பாக்கட்டும். நீர் எழுதி முடிக்கிற வரைக்கும் மாட்ட மாட்டேன். சோறும் திங்க மாட்டேன்."

நல்லபெருமாள் நாக்கட்டையைச் செருகினார். நிப்பைச் செருகினார். உடம்பில் வைத்துத் திருகினார்.

முழங்காலில் தாளை விரித்துக்கொண்டார்.

"எங்கேயிருந்து ஆரம்பிக்க?"

"இன்னைக்குத் தேதியிலருந்து," என்றார் சாமி.