இரண்டு காசுக்கு எவ்வளவு முடி?

முன்னொரு காலத்தில், பால் குடிக்குமுன் பால்காரன் முகத்தை உற்றுப் பார்க்கும் ராஜா ஒருவர் இருந்தார். அவ்வளவு சந்தேகம் அவருக்கு. ஒருநாள் மாறுவேடத்தில் கருவேலூர் என்ற சிற்றூர் வழியாக வந்தவர், அங்கே ஒரு வேப்பமரத்தடியில் முடி வெட்டிக்கொண்டார். கூலி இரண்டு காசு என்றார் நாவிதர். தலைநகரில் அதே வேலைக்கு ஆறு காசு. அன்று பிடித்தது சனி.

கடைவீதியில் கடையும் வைத்திருந்த அரண்மனை நாவிதர் முத்திருளனை வரவழைத்துக் காரணம் கேட்டார். முத்திருளன் தரையைப் பார்த்தாரே தவிர வாய் திறக்கவில்லை. உண்மையை மறைக்கிறவன் கையிலா தினமும் கழுத்தைக் கொடுக்கிறோம் என்று ராஜா தம் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

கடைவீதி அதிகாரி அழகப்பெருமாள் சமயம் பார்த்திருந்தார். விகடகவி காளத்தியின் பேச்சுக்கு ராஜா சிரிப்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். நாவிதர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றிவிட்டார்கள், அவர்களைத் தூண்டிவிடுவது காளத்திதான் என்று ராஜாவின் காதில் ஓதினார்.

ராஜா காளத்தியை அழைத்தார். "நாளை முதல் இங்கும் இரண்டு காசுதான். அதற்கு மேல் வாங்கினால் முத்திருளனும் நீயும் நாட்டைவிட்டுப் போகவேண்டும். முதல் ஆளாக அழகப்பெருமாளே போய்ச் சோதிப்பார்."

"உத்தரவு, அரசே. இரண்டு காசுக்கு மேல் முத்திருளன் ஒரு செல்லாக்காசுகூட வாங்கமாட்டார்."

காளத்தி நேரே முத்திருளன் வீட்டுக்குப் போனான். அங்கே சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் வற்புறுத்திய பிறகுதான் முத்திருளன் விஷயத்தைச் சொன்னார். தலைநகரில் நாவிதர்கள் மரத்தடியில் உட்காரக் கூடாது, கடை எடுத்துத்தான் தொழில் செய்யவேண்டும் என்பது அதிகாரி போட்ட உத்தரவு. கடைகளோ அதிகாரியின் மைத்துனன் பேரில். ஒரு தலைக்கு நாலு காசு வாடகையாகப் போய்விடுகிறது. வெளியே சொன்னால் கடை போய்விடும்.

காளத்தி அவர் காதில் ஒரு யோசனை சொன்னான். "வம்பாகிவிடுமே, தம்பி" என்றார் முத்திருளன்.

"மூட்டைதான் கட்டியாயிற்றே, அண்ணே. இனி என்ன?"

மறுநாள் அழகப்பெருமாள் தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு சபைக்குள் வந்தார். துணியை எடுத்தார். வலக்காதுக்கு மேலே மட்டும் முடி வெட்டியிருந்தது. மற்றதெல்லாம் காடு. இதை ராஜ நிந்தனை என்றார் அவர்.

ராஜா காளத்தியைச் சந்தேகத்தோடு பார்த்தார். "என்ன இது?"

"இரண்டு காசு வேலை, அரசே. ஆறு காசுக்கு ஒரு தலை என்றால் இரண்டு காசுக்கு மூன்றில் ஒரு பங்கு."

"கருவேலூரில் முழுத்தலையும் வெட்டினானே?"

"அங்கே வேப்பமரம் வாடகை கேட்பதில்லை. இங்கே நாலு காசு அதிகாரி வீட்டுக்குப் போகிறது. அதனால் நாலு காசு முடியையும் அவர் தலையிலேயே விட்டுவைத்தோம். அவருடையது அவரிடமே இருக்கட்டும்."

ராஜா யாரையும் நம்பவில்லை. ஆளனுப்பி மைத்துனன் வீட்டு வாடகை ஓலைகளைக் கொண்டுவரச் செய்து, தாமே படித்தார். படித்து முடித்து அழகப்பெருமாள் தலையை ஒருமுறை பார்த்தார். அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. சபையே அதிர்ந்தது.

மரத்தடித் தடை அன்றே நீங்கியது. முத்திருளன் மூட்டையை அவிழ்த்தார். தலைநகரில் கூலி மூன்று காசாயிற்று. இன்னும் ஏன் ஒரு காசு கூட என்று ராஜா கேட்டார். இங்கே அரிசியும் விறகும் விலை கூடுதல், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம் என்றான் காளத்தி. ராஜா விசாரித்தார். உண்மைதான். காளத்திக்கு முத்துமாலையும் முத்திருளனுக்குப் பட்டும் கிடைத்தன.

பதவி போன அழகப்பெருமாள், மிச்ச முடியைக் கருவேலூருக்கு நடந்துபோய்த்தான் வெட்டிக்கொள்ளவேண்டும் என்பது தண்டனை. அந்த ஊர் நாவிதர் அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அடுத்தவன் பாதியில் விட்ட வேலைங்களா? அதுக்கு எட்டுக் காசு ஆகுங்க."