வெள்ளை ஆலா வெறுங்கிளைக்கு வந்த கதை

மரத்துக்கும் பறவைக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஹவாய்த் தீவுகளில் ஒன்றில், வெள்ளை ஆலா என்ற கடற்பறவையைப் போலக் கூடு கட்டத் தெரிந்த பறவை வேறு கிடையாது. தேங்காய் நாரைப் பின்னி, மேலே பச்சை இலையைச் செருகி, மரத்தோடு மரமாக மறைத்துவிடும். கீழே நின்று பார்த்தால் கூடு இருப்பதே தெரியாது. அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மரங்கள் பேசும் என்றாலும் மெதுவாகத்தான் பேசும். ஒரு சொல் வேரிலிருந்து ஏறி இலைக்கு வந்து சேர அரை நாள் ஆகிவிடும். அதனால் அந்தத் தீவில் ஒரு முறை வைத்திருந்தார்கள். மரம் வெட்ட நினைக்கிறவன் முதலில் வெறுங்கையோடு போக வேண்டும். மரத்தடியில் நின்று, இன்னதற்காக நீ வேண்டும் என்று கேட்க வேண்டும். கடல் ஒரு தடவை ஏறி இறங்கும்வரை பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் வீட்டுக்குப் போய்க் கோடாரியை எடுக்கலாம்.

ஒரு வருஷம் கறிப்பலா மரங்கள் எல்லாம் நோய் கண்டு பட்டுப்போயின. அந்த ஊருக்கு அதுதான் சோறு. தெற்கே ஒரு மாதப் பயணத்தில் இருந்த தீவிலிருந்து கன்று கொண்டுவந்தால்தான் ஊர் பிழைக்கும். அந்த வழி தெரிந்தவள் கலேனா. நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே படகு செலுத்துகிறவள். படகு செய்கிறவன் அவள் தம்பி மகானி. காற்று மாறுவதற்குள் போய்த் திரும்ப வேண்டும் என்று அவள் தம்பியிடம் சொல்லியிருந்தாள்.

மகானி கோடாரியோடேயே காட்டுக்குப் போனான். கேட்காமல் இல்லை, கேட்டான். கேட்ட மூச்சோடு வெட்டவும் தொடங்கினான். முக்கால் மரம் வெட்டுப்பட்ட பிறகுதான் "பொறு" என்ற சொல் இலைக்கு வந்து சேர்ந்தது. மரம் சாய்ந்தது. அதில் மறைந்திருந்த ஆலாவின் கூடு தரையில் விழுந்து, கூட்டிலிருந்த ஒரே முட்டை உடைந்தது.

ஆலா வந்து பார்த்தது. ஏசவில்லை.

"மேலே ஒரு தடவை பார்த்திருக்கலாமே," என்றது.

"பார்த்தேன். இலைதான் தெரிந்தது."

"அப்படியானால் இனி மறைக்கவில்லை. வெறுங்கிளையில் வைக்கிறேன். அப்போதும் தெரியவில்லை என்று சொல்கிறாயா, பார்ப்போம்."

சில நாளில், மகானியின் படகுக் கொட்டகை ஓரத்து மரத்தில், ஒரு வளைந்த கிளையின்மேல் ஆலா அடுத்த முட்டையை வைத்தது. படகு கவிழாமல் பக்கத்தில் மிதவை கட்டுவதற்கு அவன் பார்த்து வைத்திருந்த கிளை அதுதான். இந்தத் தடவை வெறுங்கையோடு போய் நின்றான். மேலே பார்த்தான். நாரும் இல்லை, இலையும் இல்லை, முட்டை அப்படியே உட்கார்ந்திருந்தது. மரம் பதில் சொல்லுமுன்பே திரும்பி வந்துவிட்டான்.

வேறு கிளை தேடி மலைக்கு அந்தப் பக்கம் போய்வர நாலு நாள் ஆயிற்று. முட்டைக்குக் காவல் இருக்கிறவன் எப்போது படகு கட்டி முடிப்பான் என்று ஊரில் கேலி பேசினார்கள். கலேனா கேலி செய்யவில்லை.

"நாலு நாள் போயிற்று, தம்பி. திரும்பி வரும்போது அது தெரியும்," என்றாள்.

தெரிந்தது. கன்றுகளை ஈர இலையில் சுற்றிக்கொண்டு அக்காவும் தம்பியும் திரும்பும் வழியில் காற்று மாறியது. ஆறு நாள் வானம் மூடிக் கிடந்தது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அலையும் நாலு பக்கமிருந்து அடித்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கன்றுகளோடு பங்கு போட்டதில் ஒரு சுரைக்குடுக்கைதான் மிச்சம். ஊர் எந்தப் பக்கம் என்று கலேனாவுக்கே தெரியவில்லை.

ஏழாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஆலா தலைக்குமேல் போயிற்று. அலகில் குறுக்கே ஒரு சின்ன மீன். மகானி கூப்பிட்டு வழி கேட்டான். வாயைத் திறந்தால் மீன் விழுந்துவிடும். ஆலா ஒரு தடவை தலையைத் திருப்பி, யார் என்று பார்த்தது. பிறகு நேராகப் போயிற்று.

"மன்னித்துவிட்டது, அக்கா. நமக்கு வழி காட்டுகிறது."

கலேனா துடுப்பைத் திருப்பிப் படகை அதன் பின்னே விட்டாள்.

"நமக்காகப் போகவில்லை, தம்பி. அங்கே, உன் கொட்டகை ஓரத்து மரத்தில், குஞ்சு பசியோடு இருக்கிறது. பசித்த பிள்ளையிடம் போகிறவள் சுற்றிப் போக மாட்டாள். நீ அந்தக் கிளையை வெட்டியிருந்தால் குஞ்சு ஏது? இவள் எந்தப் பக்கம் போனால்தான் நமக்கென்ன?"

விடிந்தபோது கரை தெரிந்தது. பாதிக் கன்று வாடியிருந்தது. மீதி வேர் பிடித்தது.

மரம் சாய்ந்த அன்றைக்கு விட்டதுதான், வெள்ளை ஆலா இன்றுவரை கூடு கட்டுவதில்லை. மாலையில் மீனோடு பறக்கும் ஆலாவைக் கண்டால் படகுக்காரர்கள் பேசாமல் பின்னால் போகிறார்கள். அந்தத் தீவில் கடல் வழி கற்க வருகிறவர்களை முதல் நாள் கடலுக்குக் கூட்டிப்போவதும் இல்லை. ஒரு மரத்தடியில் வெறுங்கையோடு நிறுத்தி, மேலே பார்க்கச் சொல்கிறார்கள்.