தேர்ப் பலகையில் ஒரு சத்தியம்

எங்க ஊர்த் தேரில் சிவன் பார்வதி கல்யாணத்தை மரத்தில் செதுக்கியிருந்தாங்க. ஒருநாள் அம்மனோட கையைக் காணோம். தர்மகர்த்தா சிவசைலம், தேரடி கூட்டுற உலகம்மா மேலே பழியைப் போட்டார்.

"நீதாண்டி உடைச்சு வித்துட்ட. சாயங்காலத்துக்குள்ள கை வரணும். இல்லேன்னா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கோயில் குடிசையைக் காலி பண்ணு."

ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. 

உலகம்மா அழல. "போயிடுறேன் ஐயா. கரையான் ஏறாம இருக்க ஊர் கொடுக்கிற இலுப்பை எண்ணெயை, வருஷா வருஷம் நீங்கதானே தேருக்குப் பூசுறீங்க?"

"பின்னே உங்கப்பனா பூசுனான்?"

"அப்போ அந்தச் சாமி மேலேயே அடிச்சு, உலகம்மாதான் திருடினான்னு சத்தியம் பண்ணுங்க. இப்பவே கிளம்புறேன்."

சிவசைலம் துண்டை உதறிப் போட்டுக்கிட்டு, சிவன் நெஞ்சில் ஓங்கி அடிச்சார். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிடுச்சு. மேலே பளபளன்னு பெயின்ட், உள்ளே முழுக்கக் கரையான். மாப்பிள்ளை, பொண்ணு, தாரை வார்த்த பெருமாள் எல்லாரும் மண்ணா உதிர்ந்தாங்க.

"எண்ணெய் எங்கேய்யா போச்சு?"ன்னு கூட்டத்தில் யாரோ கேட்டாங்க. சிவசைலம் கையில் ஏறின கரையானை உதறிக்கிட்டே நின்னார்.

"அம்மன் கையும் இந்த மண்ணுலதான் கிடக்கும். தேடி எடுத்துக்கோங்க"ன்னா உலகம்மா.

குடிசையை அப்புறம் யாரும் கேக்கல. ஆனா உதிர்ந்த சாமியை முறத்தில் அள்ளுற வேலையும் அவ தலையிலதான் விழுந்துச்சு.