பதினோரு வீட்டுக்கு ஒரு பெயர்

பெருமலையனுக்கு அறுபது வயது. அவருடைய குரு வேதநாயகி அம்மாளுக்கு நாற்பத்திரண்டுதான். யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், அந்த அம்மாள் சொன்னால் மட்டும் அடங்கிக் கேட்பார்.

அன்றைக்கு அம்மாள் வீட்டுக்கு வந்த பெருமலையன் முகமே சரியில்லை. அம்மாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

பெருமலையன் குடியிருந்த இடத்தில் பதினோரு வீடுகள். எந்தப் பதிவேட்டிலும் அதற்குப் பெயர் கிடையாது. பாறைக்கு அந்தப் பக்கம் என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே தெரியும். சாலையோரம் பெயர்ப்பலகை வைக்க அனுமதி வந்தது. கூடவே வம்பும் வந்தது. தன் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். தங்கை புருஷன் தவசியோ, முதல் குடிசை போட்டவர் தன் தாத்தாதான் என்று மல்லுக்கு நின்றார். பேச்சு முற்றி இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. தங்கை மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்கே பத்திரிகை வரவில்லை. சீர்ப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டு அவர் தவித்துப் போய்விட்டார்.

"யார் தாத்தா முதல்ல வந்தாருன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. ரெண்டு பேரும் கட்டுப்படுறோம்."

அம்மாள் அதை விட்டுவிட்டு, அங்கே குடிதண்ணீருக்கு என்ன வழி என்று விசாரித்தார். பெருமலையனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு தாத்தாக்களும் சேர்ந்து பாறையை உடைத்துக் கிணறு வெட்டிய கதையை விலாவாரியாகச் சொன்னார். தண்ணீர் காண ஐந்து மாதம் ஆயிற்றாம்.

"அந்த அஞ்சு மாசமும் எதைக் குடிச்சாங்க?"

"ஓடைக்கு அக்கரையில ஒரு அம்மா இருந்துச்சாம். தினமும் ஊத்துத் தண்ணி ஆறு குடம் கொடுத்துச்சுன்னு சொல்லுவாங்க."

"அவங்க வழியில யாரும் இருக்காங்களா?"

"மூணு வீடு இருக்குதும்மா."

"நீங்க சொன்ன பதினொண்ணுல அது சேர்த்தியா?"

"இல்லைம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது.

அம்மாள் கீரைக் காம்புகளை ஒதுக்கித் தள்ளினார்.

"அப்போ உங்க தாத்தாக்க ரெண்டு பேரும் வரும்போதே அங்க ஊர் இருந்திருக்கு. அதுக்கு என்ன பேருன்னு அந்த மூணு வீட்டுல போய்க் கேளுங்க. தனியாப் போகாதீங்க, மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போங்க."