தொப்பிக்குள் முகம்

கெத்சியாள் டீச்சரிடம் கேள்வி கேட்டு நேரான பதில் வாங்கியவர்கள், மார்மன் சபையின் அந்தச் சின்னக் கிளையில் யாரும் இல்லை. ஞாயிறு வகுப்பில் வேதம் சொல்லித்தருகிறவள் அவள். வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் அவளைவிட மூத்தவர்கள் எல்லாம் அவள் முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பூங்கோதையும் அப்படி மூத்தவள்தான். கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை. ஓடுகிற நூலில் சின்ன முடிச்சு இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்தான் இப்போது அவளுக்கு எமனாக வந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு எல்லாரும் சாப்பிடாமல் சபைக்கு வருவார்கள். மனதில் ஏவப்பட்டவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். நம்புகிறேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும் என்றுதான் சொல்வார்கள். பூங்கோதை எழுந்தால் பின்வரிசையில் அழுது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். நாளைக்கும் எழுந்து அதைச் சொல்வதா, இல்லை இனிமேல் சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருப்பதா என்று தெரியாமல்தான் வந்திருந்தாள்.

டீச்சர் பால் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். சபைக்காரர்கள் காப்பியும் டீயும் தொடமாட்டார்கள். கோயம்புத்தூரில் அதுவே பெரிய தவம். வால்பாறையில், டீ எஸ்டேட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த டீச்சருக்கு அது எவ்வளவு பெரிய தவமென்று சொல்ல வேண்டியதில்லை.

பூங்கோதை பாலைத் தொடவில்லை. போனில் படித்ததையெல்லாம் கொட்டினாள்.

சபையைத் தொடங்கிய தீர்க்கதரிசிக்கு, இருநூறு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு தேவதூதன் பொன் தகடுகளைக் காட்டினான். அதில் இருந்ததைத்தான் அவர் மொழிபெயர்த்தார் என்று வகுப்பில் படித்திருந்தாள். படங்களில் அவர் தகட்டின் மேல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். ஆனால் பெரும்பாலும் அவர் தகட்டைப் பார்க்கவே இல்லையாம். ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டாராம். வேண்டாதவர்கள் கட்டிய கதை என்று தள்ளவும் வழியில்லை. சபையே அதை ஒப்புக்கொண்டு வெளியிட்டிருக்கிறது. கடவுளைத் தரிசித்ததையும் அவர் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

"மில்லுல இப்படி ஒரு நூல் வந்தா ரிஜெக்ட் பண்ணிருவேனுங்க டீச்சர். நெசமாப் பாத்தவங்க ஒரே மாதிரிதானே சொல்லோணும்?"

வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று மட்டும் டீச்சர் கேட்டாள். அவர் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் என்றாள் பூங்கோதை. பூட்டினால் படித்தது மறந்துபோகுமா?

பழைய சரித்திரம்தானே, எப்படி இருந்தால் என்ன என்று அவளால் விட்டுவிட முடியவில்லை. காரணம் தேனு. ஆறு வயதில் டெங்குக் காய்ச்சலில் போன அவளுடைய ஒரே மகள். தேனு போன பிறகுதான் அவளும் கணவனும் சபையில் சேர்ந்தார்கள். இறந்த பிள்ளையையும் பெற்றவர்களோடு நித்தியத்துக்கும் பிரியாதபடி சேர்த்து முத்திரிக்கிற சடங்கு உண்டு என்று அவர்களிடம் சொன்னது இந்தச் சபை ஒன்றுதான்.

அந்தச் சடங்கு ஆலயத்தில் மட்டும்தான் நடக்கும் என்பதால் ஹாங்காங் வரை போனார்கள். இருவரும் கைகோர்த்து மண்டியிட்டபோது, இறந்த தேனுவுக்குப் பதிலாக, அவள் இடத்தில் யாரோ ஒரு சீனப் பெண் மண்டியிட்டுத் தன் கையை அவர்கள் கைமேல் வைத்தாள். வளர்ந்த பெண்ணின் குளிர்ந்த கை. வைத்த கொஞ்ச நேரத்தில் அது சின்னக் கையாக ஆனது. காய்ச்சலில் கொதிக்கிற கை. பூங்கோதை கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தால் போய்விடும் என்று பயமாக இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் உயிரோடு இருக்கிறாள்.

"அந்த மனுசன் சொன்னது பொய்யின்னா அந்தக் கையும் பொய்தானுங்களே. அப்ப எம்புள்ள எங்க இருக்கறா?"

டீச்சர் எழுந்து உள்ளே போனாள். அப்பாவின் பழைய தொப்பியோடு திரும்பி வந்தாள். எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவர், துரைகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய அகல விளிம்புத் தொப்பி. பூந்தொட்டியில் கிடந்த ஒரு கூழாங்கல்லைத் துடைத்து அதற்குள் போட்டாள்.

"முகத்தை உள்ள வைங்கக்கா. தெரியறதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியலீன்னா?"

"ஒண்ணும் தெரியலீன்னு சொல்லுங்க."

பூங்கோதைக்குக் கோபம் வந்தது. பெற்ற வயிறு எரிந்துகொண்டு வந்து நிற்கிறவளிடம் என்ன விளையாட்டு இது? ஆனாலும் டீச்சர் சொல்லி மீறிப் பழக்கமில்லை. தொப்பியை மடியில் வைத்துக் குனிந்தாள்.

உள்ளே பழைய தலையெண்ணெய் வாசனை. அவள் மூச்சே திரும்பி வந்து அவள் முகத்தில் சுட்டது. வெளிச்சம் வராமல் விளிம்பைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். கல் தெரியவில்லை. வெறும் இருட்டு.

"ஒண்ணும் தெரியலைங்க," என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். இந்த வயதில் தொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று சிரிப்பு வந்தது. முகத்தை எடுத்துவிட்டாள்.

வீட்டுக்குள் வெளிச்சம் மாறியிருந்தது. வாசல்படியில் விழுந்த வெயிலைக் காணோம். பால் ஆறி, தடிப்பாக ஆடை கட்டியிருந்தது. வெளியே வாசல் முழுக்க ஈரம். கொடியில் கிடந்த சேலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் நாற்காலியில் இல்லை. எதிர்ச்சுவரோடு ஒட்டித் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழையா வந்துச்சு?"

"பெஞ்சு விட்டிருச்சுங்கக்கா."

"நான் இப்பத்தானுங்களே குனிஞ்சேன்."

"பேசிட்டே இருந்தீங்க."

ஒரே ஒரு வார்த்தை சொன்னதாகத்தான் பூங்கோதைக்கு நினைவு. ஆனால் தொண்டை வறண்டு கட்டியிருந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விளிம்பு அழுத்திய தடம் ஆழமாக இருந்தது. கல்லை எடுத்தாள். சூடாக இருந்தது. அவள் மூச்சுப் பட்ட சூடாகவும் இருக்கலாம்.

என்ன பேசினேன் என்று கேட்டாள். டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பச்சைச் சுவர் என்றாளாம். ஃபேன் காற்று குளிர்கிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றாளாம். நர்ஸ் அக்கா வாசலில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசுகிறாள் என்றாளாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது என்றாளாம்.

"அப்பறம் ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொன்னீங்க. 'அம்மா பால் வாங்கக் கீழ போயிருக்கறா. வந்துருவா. எனக்குப் பயமில்லை.' மழை விடற வரைக்கும் அதேதான்."

பூங்கோதை தொப்பியைக் கீழே வைத்தாள்.

தேனுவின் உயிர் போனபோது அவள் பக்கத்தில் இல்லை. பால் வாங்க ஆஸ்பத்திரிக்குக் கீழே போனவள், கடையில் தெரிந்தவர்களைப் பார்த்து நின்று பேசிவிட்டாள். மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவன் மில்லில் ஷிப்டில் இருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டே போனாள் என்று அவனிடம் சொன்னாள். மடியில்தான் போனாள் என்று மாமியாரிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள் என்று சபையில் எழுந்து நின்று சொன்னாள். பால் வாங்கப் போனதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதில்லை என்றுதான் அவளுக்கு நினைவு.

"எங்கொரல்லயா பேசினேன்?"

"உங்க கொரல்தான்னு நெனைக்கறேன்," என்றாள் டீச்சர்.

தரம் பார்த்துப் பழகிய கண் அப்போதும் சும்மா இருக்கவில்லை. எனக்குப் பயமில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பூங்கோதை இத்தனை வருஷமும் ஏங்கிக்கிடந்தாள். தானே இட்டுக்கட்டியிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாக இட்டுக்கட்ட முடியாது. டீச்சர் எதிரில் வைத்த பாலே இதையெல்லாம் கிளறிவிட்டிருக்கலாம். அப்படியானால் ஃபேன் குளிர்ந்தது? நர்ஸ் வாசலில் நின்று சிரித்தது? அந்த நேரத்தில் அவள்தான் அங்கே இல்லையே. அவளுக்கு அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சர் சமாதானம் சொல்ல வரவில்லை.

அழுது ஓய்ந்ததும் பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசத்தைச் சொல்லுங்க டீச்சர். பேசினது தேனுவா, நானா?"

"அந்த மனுசனும் தொப்பியிலிருந்து முகத்தை எடுத்ததும், எழுதிட்டிருந்தவரை இப்படித்தான் கேட்டிருப்பாரோ என்னமோ."

"கேட்டிருந்தா அவரு என்ன சொல்லியிருப்பாரு?"

டீச்சர் வெளியே சொட்டிக்கொண்டிருந்த சேலைகளைப் பார்த்தாள்.

"அவரைப் பத்தி எனக்குத் தெரியாதுங்கக்கா. மழை பெருசா வந்துச்சு. நீங்க பேசறதை விட்டுட்டுத் துணியெடுக்க நான் எந்திரிக்கலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."