இரண்டு மரம் கழற்றிய காத்தமுத்து

ராஜா கதை என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது வெகு காலத்துக்கு முன்னே ஒரு மீனவக் குப்பத்தில் இருந்த காத்தமுத்துவின் கதை. ஐந்து மரம் சேர்த்துக் கட்டிய சின்னக் கட்டுமரம், எதிர்த் தீவில் ஒரு மனைவி, இன்னும் முகம் பார்க்காத ஒரு பிள்ளை. அவன் சொத்து அவ்வளவுதான்.

மனைவி நீலாயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். அந்தத் தீவில் ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவளை அழைக்க வரும் புருஷன் அங்கே இராத்தங்கக் கூடாது. வந்த அன்றே, வந்த கட்டுமரத்திலேயே அவளை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கரையேறியும் அழைத்துப் போகத் தவறினால் அடுத்த வருஷம்தான் வரலாம். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், வழக்கம் வைத்தவர்களைக் கேளுங்கள்.

காற்றும் ஒத்துழைக்கவில்லை. விடிந்தது முதல் உச்சிவரை தீவைப் பார்த்து வீசும், உச்சி சாய்ந்ததும் கரையைப் பார்த்துத் திரும்பிவிடும்.

முதல் முறை போனான். பாதிக் கடலிலேயே காற்று திரும்பியது. வந்து பாயைப் பெரிதாகத் தைத்தான்.

இரண்டாம் முறை தீவின் பனைகள் தெரிந்தன. அடுப்புப் புகை தெரிந்தது. அதில் எது நீலாயி மூட்டிய அடுப்பு என்று தேடுவதற்குள் காற்று திரும்பியது. அன்று அவன் வாய்விட்டு அழுதான். பாயில் இன்னும் நாலு முழம் கூட்டியிருந்தால் போதும். ஏக்கம் பிடித்தவனுக்கு அதெல்லாம் தோன்றுமா? கரைக்கு வந்ததும், பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று ஓரத்து மரம் இரண்டையும் கயிறறுத்துக் கழற்றினான்.

கூடத் துடுப்புப் போடும் சின்னான் பார்த்துக்கொண்டே நின்றான். "ஓரத்து மரத்தக் கழட்டிட்டா நான் எங்கடா உக்காருறது?"

"நீ வர வேணாம். எனக்கு இடமிருந்தாப் போதும்."

மூன்றாம் முறை கட்டுமரம் பறந்தது. வெயில் ஏறுமுன்னே தீவு மணலில் ஏறி நின்றது.

நீலாயி மூட்டை கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். தினமும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். பெண்பிள்ளை, அவனுடைய மூக்கு. அவன் அதை முகர்ந்துகொண்டே நின்றான். அவள் கட்டுமரத்தைப் பார்த்தாள்.

"மச்சான், நாங்க எங்க உக்காருறது?"

அவளை ஏற்றிப் பார்த்தான், மரம் முங்கியது. மூட்டையை இறக்கிப் பார்த்தான், அப்போதும் முங்கியது. பாயை அவிழ்த்துப் போட்டுப் பார்த்தான், புரண்டே விட்டது. உச்சி சாய்ந்து காற்று திரும்பியது. பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினான்.

எவ்வளவு வேகமாக வந்தானோ அவ்வளவு வேகமாக மரம் அவனைக் கொண்டுபோனது. நீலாயி கை காட்டினாள். அதைக் கண் நிறையப் பார்ப்பதற்குள் அவள் ஒரு புள்ளியாகிவிட்டாள். கொஞ்சம் மெல்லப் போ என்று மரத்தைக் கெஞ்சினான். அது கேட்கவில்லை. அவன்தானே அதை அப்படிக் கட்டியவன்.

கரை சேர்ந்ததும் ஐந்து மரத்தையும் சேர்த்துக் கட்டினான். பாயில் நாலு முழம் கூட்டினான். பிறகு ஒரு வருஷம் காத்திருந்தான். அடுத்த முறை போனபோது, மகள் தத்தி நடந்து வந்து, யாரு என்று மழலையில் அம்மாவைக் கேட்டாள்.

யாருக்காக விரைகிறோமோ அவருக்கு இடம் வைத்துவிட்டுத்தான் விரைய வேண்டும்.