லேண்ட்மாஸ்டரின் பின்சீட்

மரகதம்மாவோடு சண்டை போட்ட சீடர்கள் உண்டு. கையில் ஸ்பேனரோடு சண்டைக்கு வந்தவர் சபாநாயகம் ஒருவர்தான்.

அவருக்கு வயது அறுபதுக்கு மேல். குருவுக்கு நாற்பது தாண்டிக் கொஞ்சம். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணே என்பார். மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

அன்று காலை சென்னையிலிருந்து திரும்பியவர் குளிக்கக்கூட இல்லை. நேராக ஷெட்டுக்குப் போனார். அங்கே போர்வைக்குள் நின்றது ஐயாவின் லேண்ட்மாஸ்டர். ஆசிரமத்தைத் தொடங்கிய ஐயா, கண்மூடும்வரை ஓட்டிய கார். பிறகு துருப்பிடித்துக் கிடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த சபாநாயகம்தான், "ஐயா வச்சிருந்த மாதிரியே ஆக்கித் தர்றேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அவர் வச்சிருந்தபடியே செய்யுங்கண்ணே" என்று மரகதம்மாவும் சொல்லியிருந்தார்.

அந்தக் காலத்துக் கம்பெனி கேட்லாக் ஒன்றைத் தேடிப் பிடித்தார் சபாநாயகம். அதிலிருந்தபடி ஒவ்வொரு திருகாணியையும் மாற்றினார். இப்போது பைக்குள் இருந்தது காரின் மூக்கில் பதிக்க வேண்டிய கம்பெனிச் சின்னம். அசல். அது மட்டும்தான் பாக்கி.

போர்வையை விலக்கினார். டிரைவர் பக்கக் கதவின் பூட்டை யாரோ கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். உள்ளே பின்சீட்டைக் காணோம்.

சமையல்கட்டு வரைக்கும் எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது.

"யாரைக் கேட்டு என் சீட்டைக் கழட்டினீங்க?"

மரகதம்மா அரிவாள்மனையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க சீட்டா? போன வாரம் வரைக்கும் ஐயா காருன்னீங்க."

"ஐயா காருதான். அதுக்குத்தான் கேக்குறேன். அந்தத் தோலுக்கு எத்தனை ஊர் அலைஞ்சேன்? தச்ச நூலோட நிறம்கூட கேட்லாக்ல இருக்கு. எங்கே அது?"

"மாட்டுக்கொட்டாயில இருக்கு. நனையாது."

"மாட்டுக்..." மூச்சு வாங்கிக்கொண்டார். "முதல்ல பிரேக்கை மாத்தச் சொன்னீங்க. அப்புறம் சீட் பெல்ட் வைக்கச் சொன்னீங்க. அந்தக் காலத்துல ஏதும்மா பெல்ட்டு?"

"அந்தக் காலத்துல எதிர்ல பஸ்ஸும் ஏது?"

"இது மலை இறங்குற கார் இல்லை. பத்திரமா வைக்க வேண்டிய கார். இன்னிக்கு சீட்டு, நாளைக்கு பிரேக்கு, அடுத்தது இன்ஜின். கடைசியில அவரோடதுன்னு நம்பர் பிளேட்டுதான் மிஞ்சும்!"

"அப்படியாவது மலை இறங்குமில்ல?"

சபாநாயகம் ஸ்பேனரை அம்மிமேல் ஓங்கி வைத்தார். பூசணி விதைகள் சிதறின.

"நக்கல் வேண்டாம். குருவா பதில் சொல்லுங்க. அசல் பெருசா, உபயோகம் பெருசா?"

அரிவாள்மனை நின்றது. மரகதம்மா தலையைத் தூக்கினார். கண்கள் சிவந்திருந்தன. அவருக்கும் கோபம் வரும் என்பதை சபாநாயகம் அன்றுதான் பார்த்தார்.

"வியாழக்கிழமை நம்ம தோட்டத்துல வேலை செய்யுற பொம்மன் கால்மேல மரம் சரிஞ்சுது" என்றார். "நம்ம ஜீப் செத்து எத்தனை நாளாச்சு, உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸ் பாதி மலையில நிக்குதுன்னு போன். மண் சரிஞ்சு கிடக்கு, சின்ன வண்டிதான் நுழையும்னாங்க. உங்க ஷெட்டுக்கு ஓடினேன். கார் பூட்டை உடைச்சேன். சாவி உங்க ஜேப்புல, மெட்ராஸ்ல."

சபாநாயகத்தின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. சாவி இருந்தது.

"சாவி இருந்திருந்தா மட்டும்? அந்தக் காலை மடக்க முடியாது. உங்க சீட்டுல நீட்டவும் முடியாது. கம்பளியில தொட்டில் கட்டி நாலு பேர் தோள்ல தூக்கிட்டு இறங்கினாங்க. உங்க கார் நின்ன ஷெட்டைத் தாண்டித்தான் போனாங்க."

"பொம்மன் இப்போ..."

"உசிர் இருக்கு. காலை எடுத்துட்டாங்க."

இத்தனை தூரம் சுமந்து வந்த கோபத்தை இறக்கி வைக்க சபாநாயகத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? கார் அப்படித்தான் செஞ்சிருக்கான். அசல் அப்படித்தான்."

"நீங்க எடுத்தப்போ பின்னாடி என்ன இருந்துச்சு?"

"சீட்டே இல்லை. டிக்கி வரைக்கும் நீளமா ஒரு பலகை. எவனோ அறிவில்லாம ஆணியடிச்சு வச்சிருந்தான்."

"எவன்?"

சபாநாயகம் குனிந்து, சிதறிய பூசணி விதைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அந்தப் பலகை எங்கேண்ணே?"

"கறை புடிச்சுக் கிடந்தது. வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்."

"என்ன கறை?"

"எண்ணெய்க் கறை."

"இன்ஜின் முன்னாடி இருக்கு. எண்ணெய் எப்படிப் பின்னாடி வந்துச்சு?"

பிரசவ வலியெடுத்த பெண்களை ஐயா இந்தக் காரில்தான் இறக்கிக்கொண்டு போவார் என்று, வருகிறவர்களுக்கெல்லாம் பானெட்டைத் தடவியபடி சொல்பவரே சபாநாயகம்தான். அவர்களை எதில் படுக்க வைத்தார், அந்தக் கறை எதனால் வந்தது என்று ஒருமுறையும் அவர் யோசித்ததில்லை. பலகை எரிந்த அன்று வெந்நீர் நன்றாகச் சுட்டது நினைவுக்கு வந்தது.

"சொல்லியிருக்கலாமே!" குரல் உடைந்து கத்தலாக வந்தது. "எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எரிச்சதே இப்பத்தானே சொல்றீங்க. ஆள் படுக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் என் கையில கேட்லாக்கைக் கொடுத்து, நிறம் சரியா இருக்கா பாருங்கம்மான்னீங்க."

மரகதம்மா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். கூப்பிடவில்லை. சபாநாயகம் பின்னால் போனார்.

ஷெட்டின் பின்சுவரில் புதுப் பலாப்பலகை ஒன்று சாய்ந்திருந்தது. வரும்போது அவர் கண்ணில் அது படவே இல்லை. பக்கத்தில் ரம்பம். மரகதம்மா பலகையைத் தனியாகவே இழுத்து வந்து காரின் பின்னால் போட்டார். புழுதி கிளம்பி, மெருகேற்றிய பெயின்ட்மேல் படிந்தது. துடைக்கப் போன கையை சபாநாயகம் பாதியில் நிறுத்தினார்.

சின்னத்தைப் பையோடு ஓரமாக வைத்தார். பழக்கத்தில் கேட்லாக்கை எடுத்து, விரித்து, அதே வேகத்தில் மூடினார். பென்சிலைக் காதிலிருந்து உருவிக்கொண்டு பலகைமுன் குந்தினார்.

"எவ்வளவு நீளம் வேணும்?" கோபம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மரகதம்மா காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"படுத்துப் பாருங்க."